மாட்டு வருஷத்தில் பிறந்தவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்கே இருக்கும் மலைக்குப் போக, தோ கிசொக் முதலில் தெற்கே போவார். அவர் குடியிருந்த சொக்யே நிலையத்திலேயே வடக்கு வண்டி நின்றுதான் போகும். பேசாமல் அங்கேயே ஏறிக்கொண்டால் போதும், அவருடைய மலையேறும் குழுவில் மற்றவர்கள் அதே வண்டியில்தான் வந்துகொண்டிருப்பார்கள். ஆனால் அவர் எதிர்த்திசை வண்டியைப் பிடித்து ஜேகிதொங் நிலையத்துக்குப் போய், வெளியே வந்து, குழுவோடு நின்று, மறுபடி அதே வாயில் வழியாக உள்ளே நுழைந்து, தன் வீட்டு நிலையத்தைத் தாண்டிக்கொண்டு வடக்கே போவார். கேட்டால், "சீக்கிரம் முழிப்பு வந்துடுது, என்ன பண்றது" என்பார். அதெல்லாம் சும்மா. எல்லோரும் பையும் கோலுமாக இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும்போது அந்தக் கும்பலில் தானும் ஒருவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனுஷனுக்கு வாரம் முழுக்க அதைவிட்டால் வேறு ஒன்றும் இல்லை.

வாழ்நாளில் பாதியை அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலவறையில் கழித்தவர். வெந்நீர்க் கொதிகலன் பார்க்கிற வேலை. மேலே யாருக்காவது தண்ணீர் சூடாக வரவில்லை என்றால் கீழேயிருந்து போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும். ஐயா, அம்மா என்று பெரியவர்களைச் சொன்னதுபோக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்றே பேசிப் பழகிவிட்ட வாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த மாதமே மனைவி, மகளுக்குப் பிரசவம் பார்க்கத் தேஜொன் நகரத்துக்குப் போனாள். அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது, போனவள் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். போனில் "சாப்பிட்டாச்சா" என்பாள். "ஆச்சு" என்பார். அதோடு சரி.

தனியாக இருக்கிற மனுஷனுக்கு ரயில் நல்ல துணை. எந்த வழித்தடத்தில் ஏறி உட்கார்ந்தாலும் அந்த ஊரில் கடைசியில் ஒரு மலை அடிவாரத்தில் கொண்டுபோய்த்தான் இறக்கிவிடும். அப்படி ஒருநாள் சுராக் மலையில் தனியாக ஏறிக்கொண்டிருந்தபோது, மேலே ஒரு பாறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருப்பா அது, ஒண்டியா? இங்க வா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ!"

அவர்தான் குவாக் தேசு. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் தொடங்கியதுதான் 'முதல் வண்டிக் குழு' என்கிற அந்த மலையேறும் குழு. அந்தக் குழுவில் ஒரே சட்டம்: யாரும் காரில் வரக்கூடாது. வந்தால் அன்றைய அரிசிக் கள்ளுக்கான செலவு முழுக்க அவன் தலையில். குவாக்குக்குக் காரைக் கண்டாலே ஆகாது. "கார்ல வர்றவன் நாய் கட்டிப் போட்ட மாதிரிடா. எங்க நிறுத்துனானோ அங்கயே திரும்பி வந்தாகணும். நமக்கு என்ன? இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் எறங்கி, அங்க எவன் வண்டி வருதோ அதுல ஏறிட்டுப் போறோம்" என்பார். குவாக் சொன்ன பல விஷயங்களில் இது ஒன்றாவது உண்மை.

கிசொக் பாறையில் ஏறிப் போய் ஓரமாக நின்றார். கிண்ணம் நீட்டப்பட்டது. ஆனால் கள்ளை ஊற்றுவதற்கு முன்னால் குவாக் கேட்டார், "நீ எந்த வருஷம்?"

பன்னிரண்டு மிருகங்கள் வருஷத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரும், பிறந்த வருஷத்தின் மிருகம் எது என்று கேட்பது அது. அந்த நாட்டில் இது தெரியாமல் இரண்டு ஆண்கள் இரண்டாவது வாக்கியம் பேச முடியாது. யார் ஊற்றுவது, யார் இரண்டு கையாலும் ஏந்துவது, யாருக்கு நீ, யாருக்கு நீங்கள் எல்லாம் அதில்தான் தொங்குகிறது. ஒரு வருஷம் முன்பின் என்றாலும் அண்ணன் அண்ணன்தான், தம்பி தம்பிதான்.

கிசொக் கோழி வருஷம். அந்த வசந்தத்தில்தான் அறுபது முடிந்திருந்தது. வாயைத் திறப்பதற்குள் குவாக் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொல்லிவிட்டார்: "பாத்தா நல்லா நடக்கிறவன் மாதிரி இருக்க. நம்ம குழுவுல வேணா சேர்ந்துக்கோ. அறுபதாயிட்டவங்கள மட்டும் புதுசா சேக்கறதில்ல. கெழடுங்கள சேத்தா மலையப் பத்தியா பேசறாங்க? மூட்டு வலி, மூத்திரம், அதான் பேச்சு."

கிசொக் சொன்னார், "மாடு."

கோழிக்கு நான்கு வருஷம் பின்னால்தான் மாடு, நான்கு வயது உதிர்ந்துவிட்டது. நிலவறையில் இருந்து வெளுத்த முகம், யாரும் சந்தேகப்படவில்லை.

"மாடா! நான் நாய். அப்ப நீ தம்பிடா. இந்தா, இந்தப் பைய நீ தூக்கு."

உண்மையில் கோழிக்கு அடுத்த வருஷம்தான் நாய். மூத்தவர் பையைத் தூக்கிக்கொண்டார். தூக்கும்போது அவருக்கு அவமானமாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. அவருடைய சொந்த அண்ணன் செத்த பிறகு அவரை 'டேய்' என்று கூப்பிட ஆளே இல்லாமல் போயிருந்தது.

அதே நேரத்தில் கும்பலிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அட, நானும் மாடுதான்! எத்தன வருஷமா இந்தக் கூட்டத்துல ஒரு மாடு கெடைக்காம தவிச்சேன் தெரியுமா? ஏய், இனிமே எனக்கு நீ, உனக்கு நான். வாங்க போங்க எல்லாம் வேணாம்." அது ஒக்சுன். ஜேகிதொங் சந்தையில் எள் வறுத்து எண்ணெய் ஆட்டி விற்கிற கடைக்காரி. ஒரே வயதுக்காரர்கள் என்றால் அங்கே தனி உறவு. ஆண் பெண் என்றாலும் வாடி போடா என்று பேசிக்கொள்ளலாம், புருஷன்கூட ஒன்றும் சொல்ல மாட்டான். "ஏய் மாடு" என்று அவள் கூப்பிட, "என்ன மாடு" என்று இவர் கேட்க, அறுபது வயதில் கிசொக்குக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள்.

பொய் சொல்வது சுலபம், அதைத் தீனி போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம். பள்ளிக்கூட நாட்களைப் பற்றி யாராவது பேசினால் கிசொக் வாயை மூடிக்கொள்வார், எங்கேயாவது வருஷம் இடிக்கும். அறுபதாம் பிறந்தநாளை அந்த ஊரில் பெரிதாகக் கொண்டாடுவார்கள். அவருடையது முடிந்து நான்கு வருஷம் கழித்து, குழு அவருக்கு ஒரு சிகரத்தில் வைத்து அறுபதாம் பிறந்தநாள் கொண்டாடியது. ஒக்சுன் எள்ளுருண்டையும் அரிசிக் கேக்கும் முதுகில் சுமந்து வந்தாள். குவாக் தன் கையால் ஒரு ஜோடி மலைக் காலணி வாங்கிக் கொடுத்து, "உன் பழைய பூட்ஸ பாத்தா எனக்கே அழுகையா வருதுடா" என்றார். மற்றவர்கள் கை தட்டினார்கள். கிசொக்குக்கு அந்தக் கேக் நெஞ்சில் இறங்கவே இல்லை. உண்மையான அறுபதுக்கு அவர் ஒரு பாக்கெட் நூடுல்ஸ் கொதிக்கவைத்துச் சாப்பிட்டிருந்தார்.

அப்புறம் அவருக்கு நிஜமாகவே அறுபத்தைந்து வந்தது. அறுபத்தைந்து ஆனால் மெட்ரோவில் காசு கிடையாது, அட்டை கொடுத்துவிடுவார்கள். அந்த அட்டையை வைத்தால் நுழைவாயில் ஒரு முறைக்கு இரண்டு முறை கீச் கீச் என்று கத்தும், சிவப்பு விளக்கு எரியும். வயதானவர்களை இலவச ரயில் துறவி என்று கேலி செய்வது ஊர் வழக்கம். கிசொக் துறவி ஆனது யாருக்கும் தெரியாது. வாரநாட்களில் சும்மா போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாதாரண அட்டையை எடுத்துக் காசு கொடுத்துப் போவார். மறு வருஷம் குவாக் துறவியானபோது வாயிலில் நின்று கீச் கீச்சை ஏழூருக்குக் கேட்கிற மாதிரி கொண்டாடினார். "டேய் கிசொக்கு, பொறாமையா இருக்காடா? நீயும் ஒரு நாள் வருவ, பொறு!" கிசொக் கை தட்டிச் சிரித்தார்.

குழுவில் முன்னால் போகிறவருக்குத் தலை என்று பெயர், அது குவாக். கடைசியில் போகிறவர் வால், அது கிசொக். வால் யாரையும் முந்தக்கூடாது. செருப்பு அறுந்தவர், மூச்சு வாங்குபவர், புதருக்குப் பின்னால் ஒதுங்கியவர் என்று எல்லோரையும் பொறுக்கிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த பிறகுதான் சிகரத்தில் படம் எடுப்பார்கள். அது போக, கள் வாங்கி வருவது, பனிக்காலத்தில் வெந்நீர் சுமப்பது, பாறையில் கயிறு பிடிப்பது எல்லாம் தம்பி வேலைதான். ஒருமுறை தப்பான கள் பாட்டிலை வாங்கி வந்ததற்குக் குவாக் ரயிலிலேயே அவர் பிடரியில் ஒன்று வைத்தார். விளையாட்டாகத்தான், ஆனால் சுரீர் என்று இருந்தது. உன்னைவிட ஒரு வருஷம் மூத்தவன்டா நான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "மன்னிச்சிடுங்கண்ணே" என்றார். வந்த இடத்தில் இருக்க வேண்டுமே.

இன்னும் ஒரே வருஷம். கணக்குப்படி மாடுகளுக்கு அறுபத்தைந்து ஆகிவிடும், ஒக்சுனும் அவரும் ஒன்றாக அட்டை வாங்குவதாக வேறு பேச்சு. அதற்குப் பிறகு அந்த நுழைவாயில் பயமும் போய்விடும். மீதி வருஷங்களைச் சின்னவனாகவே ஓட்டிவிட்டுப் போய்ச் சேரலாம் என்றுதான் கிசொக் நினைத்திருந்தார்.

இலை சிவக்கிற பருவம். அன்று சோயோ மலைக்குப் போவதாக ஏற்பாடு. முதல் வழித்தடத்தின் கடைசி நிலையம் அது. அதுவரைக்கும் போகிற வண்டி எப்போதாவதுதான் வரும். ஜேகிதொங் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. குவாக் முதலில் உள்ளே போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சீக்கிரம், சீக்கிரம், வண்டி வந்துட்டிருக்கு" என்று கத்தினார். எல்லோரும் போய்விட்டார்கள். வெளியே நின்றது வாலும் ஒக்சுனும் மட்டும்தான்.

ஒக்சுன் சட்டைப் பையைத் தடவினாள், முதுகுப் பையைக் கொட்டினாள். "போச்சு. கடையில ஏப்ரனோட விட்டுட்டு வந்துட்டேன். அட்டை, காசு எல்லாம் அதுலதான்." சீட்டு எடுக்கிற இயந்திரத்துக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் வரிசையாக நின்று பொத்தானை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தார்கள். "நீ போ மாடு. நான் கடைக்குப் போய் எடுத்துட்டு அடுத்த வண்டியில வரேன்."

"அடுத்த வண்டி எப்ப வரும்னு தெரியுமில்ல? நீ வந்து சேர்றதுக்குள்ள நாங்க எறங்கியே வந்துடுவோம்."

"பரவால்ல போ. என்னால நீயும் கெட வேணாம்."

கீழே வண்டி வருகிற இரைச்சல் கேட்டது. வால் யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. அதுவும் ஒக்சுனை விட்டுவிட்டு, அந்த மலையில் அவருக்கு என்ன வேலை? ஒரு அட்டையில் ஒரு ஆள்தான் போகலாம். கிசொக் சாதாரண அட்டையை அவள் கையில் திணித்தார். "இதுல நீ போ. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு." அவள் கீச் என்று உள்ளே ஓடினாள். இவர் சட்டையின் உள்பையிலிருந்து மற்றதை எடுத்தார். இவ்வளவு இரைச்சலில் யார் காதில் விழப்போகிறது என்று நினைத்தார். வைத்தார். கீச் கீச். சிவப்பு.

குவாக்கின் காது, வாழ்நாள் முழுக்க ஏறுகிறவன் இறங்குகிறவன் அட்டைச் சத்தத்தைக் கேட்டே பழகிய காது.

வண்டி கிளம்பி, ஆளுக்கொரு மூலையில் இடம் பிடித்து, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் குவாக் ஆரம்பித்தார்.

"டேய், யாரோட அட்டைடா அது?"

"எது அண்ணே?"

"நடிக்காத. துறவி அட்டை. ரெண்டு தடவ கத்துச்சே."

கிசொக் முழித்தார். "அது... எங்கண்ணனோடது."

"உங்கண்ணன்தான் செத்துட்டாருன்னியே? செத்தவர் இன்னும் ரயில்ல போறாராக்கும்!"

பெட்டியே சிரித்தது. தபால்காரர் பேக், குழுவிலேயே சின்னவர், "மாட்டினா முப்பது மடங்கு அபராதமாம்ண்ணே!" என்று எடுத்துக் கொடுத்தார். குவாக்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் கிசொக் திருட்டுப் பயணம் செய்தவர் என்ற பெயரோடு தப்பித்திருப்பார். அந்தப் பெயரை அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பார். தலையைச் சொறிந்துகொண்டு, "தப்புதான் அண்ணே. இன்னிக்கு கள்ளுக்குத் தொட்டுக்கற தோஃபு என் செலவு" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

"தோஃபு கெடக்கட்டும். குழு பேரே கெட்டுடும்டா. குடு இங்க, கையில வெச்சிருந்தா நீ மறுபடியும் நீட்டுவ. ஒடச்சுப் போட்டுடறேன்." குவாக் எட்டிச் சட்டைப் பையிலிருந்து அட்டையை உருவினார். இரண்டு கையாலும் வளைத்தார். உடைப்பதற்கு முன்னால், செத்த மனிதர் பெயரைப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

வளைந்திருந்த அட்டை நிமிர்ந்தது.

"இது உன் பேருடா."

வண்டி ஒரு நிலையத்தில் நின்று கிளம்பியது.

"கிசொக். நீ எந்த வருஷம்?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் பாறையில் கேட்ட அதே கேள்வி, இந்த முறை கிண்ணம் இல்லை. கிசொக் தரையைப் பார்த்துக்கொண்டு, "கோழி" என்றார்.

குவாக் இருக்கையிலிருந்து எழுந்தார். முகம் வெந்து சிவந்திருந்தது. திட்டப்போகிறார், ஏன் அடிக்கக்கூடப் போகிறார் என்று கிசொக் எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகவும் இருந்தார், அடித்துவிட்டால் நல்லது. குவாக் தன் இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்க" என்றார்.

சோயோ மலையில் இறங்கி நடந்தபோது இலைகள் அழகாகத்தான் இருந்தன. அதைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. அடிவாரத்தில் ஒக்சுன் அவரிடம் வந்து, சாதாரண அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். எப்போதும் எதையும் தூக்கித்தான் எறிவாள், பிடிக்காவிட்டால் திட்டுவாள். இன்று இரண்டு கையாலும் நீட்டி, லேசாகக் குனிந்தாள்.

"ரொம்ப நன்றிங்க."

"ஏய், நீயுமா?" என்றார் கிசொக். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் கிசொக் வழக்கம்போல ஒதுங்கி நின்று எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தார். பேக் நகரவில்லை. "ஐயா, நீங்க நடுவுல போங்க. வால் நான் பாத்துக்கறேன்."

"எனக்கென்னப்பா ஆச்சு? போன வாரம் உன் பையையும் சேத்து நான்தான் தூக்கினேன்."

"தல சொல்லிட்டாருங்கய்யா."

நடுவில் போனார். போன வாரம் வரை இருந்த அதே காலும் அதே முட்டியும்தான். ஆனால் படி உயரமாக வந்தால் முன்னால் போனவர் கை கொடுத்தார், பின்னால் வந்தவர் முழங்கையைத் தாங்கினார். கத்திப்பாறை முகட்டில், அவர் எத்தனையோ பேருக்குக் கயிறு பிடித்த இடத்தில், இரண்டு பேர் அவருக்குக் கயிறு பிடித்தார்கள். "மெதுவாங்கய்யா, அவசரமில்லங்கய்யா." ஐயா, ஐயா, ஐயா. நிலவறையில் இருந்த காலம் முழுக்க அவர் பிறருக்குக் கொடுத்த ஐயாக்களை எல்லாம் அந்த ஒரே நாளில் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தாங்கிப் பிடித்த ஒவ்வொரு கையையும் உதற வேண்டும் போல ஆத்திரம் வந்தது. உதறினால் விழுந்துவிடுவாரோ என்று இன்னும் இறுக்கமாகப் பிடிப்பார்கள்.

மேலே பாறையில் உட்கார்ந்து கடற்பாசியில் சோறு வைத்துச் சுருட்டிய கிம்பாப் உருளைகளையும் அவித்த முட்டையையும் பரப்பினார்கள். கிசொக் கள் பாட்டிலை எடுக்கக் கை நீட்டினார். குவாக் முந்திக்கொண்டார். முழங்காலைக் கீழே மடக்கி உட்கார்ந்து, ஒரு கையால் மறு கையைத் தாங்கி, கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். தான் குடிக்கும்போது, பெரியவர் முன்னால் குடிக்கிற சின்னவன் செய்கிற மாதிரி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தார்.

கிசொக்கால் தாங்க முடியவில்லை. "அண்ணே, வேணாண்ணே. எப்பவும் போல ரெண்டு திட்டு திட்டுங்க. பிடரில ஒண்ணு வையுங்க."

"யாரு யாருக்கு அண்ணன்?"

"ஒரு வருஷந்தானேண்ணே வித்தியாசம்..."

"ஒரு வருஷந்தானா?" குவாக்கின் குரல் உடைந்தது. "எட்டு வருஷமா உங்கள டேய்னு கூப்ட்டிருக்கேன். பை தூக்க வெச்சேன். ரயில்ல, ஊரு பாக்க, என் மூத்தவர் தலையில கை வெச்சிருக்கேன். எங்கப்பா இருந்திருந்தா அந்தக் கைய வெட்டிப் போட்டிருப்பாரு. நீங்க சிரிச்சிக்கிட்டே வாங்கிக்கிட்டீங்க. உள்ளுக்குள்ள என்ன நெனச்சீங்க? 'பேசுடா, பேசு, மரியாத கெட்ட நாயே'ன்னா?"

"சத்தியமா அப்படி நெனைக்கல."

"ஒரு தடவகூட நெனைக்கலையா?"

ரயிலில் வாங்கிய அந்த அடி கிசொக்குக்கு ஞாபகம் வந்தது. அப்போது நாக்கு நுனிவரை வந்த வார்த்தையும். அந்த ஒரு நொடித் தயக்கத்தைக் குவாக் பார்த்துவிட்டார்.

"என்னை மனுஷன் இல்லாம பண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் குவாக்கின் முதுகைத் தடவினார்கள். யாரோ அவர் கிண்ணத்தை நிரப்பினார்கள். பை தூக்கியவர் கிசொக், அடி வாங்கியவர் கிசொக். ஆனால் அந்தப் பாறையில் ஏமாந்தவர் குவாக்தான். அந்த நாட்டில் பிறந்த யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், கிசொக்கைக் கேட்டாலும்.

இறங்கும்போது ஒக்சுன் பக்கத்தில் வரும்வரை அவர் நடையைத் தளர்த்தினார்.

"ஒக்சுன், ஒரு நிமிஷம். உனக்காகத்தானே நான் அந்த அட்டைய..." சொல்லத் தொடங்கும்போதே சொல்லியிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"தெரியுங்க. நான்தான் அடுத்த வண்டில வரேன்னு சொன்னேனே. வந்திருப்பேன்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். அப்புறம் அவளே சொன்னாள். "ஒரே வயசுக்காரன்னு நெனச்சு நான் உங்கிட்ட... உங்ககிட்ட என்னென்ன சொல்லியிருக்கேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லாததெல்லாம். என் பையன் பண்ணதெல்லாம்."

"நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே."

"விட மாட்டீங்க, தெரியும். அதில்லங்க. இப்ப நெனச்சா, அதையெல்லாம் யாரோ ஒரு பெரியவர் ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த மாதிரி இருக்கு. எனக்கு வெக்கமா இருக்குங்க."

"நான் அதே ஆளுதான், ஒக்சுன்."

"எனக்கு அப்படி வரலையே. நானும் காலையிலேர்ந்து நீன்னு சொல்லிப் பாக்கறேன், வாய் வர மாட்டேங்குது." அவள் அழுதாள். பிறகு, "பாத்து வாங்க, ஐயா, இந்த எடம் வழுக்கும்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

திரும்புகிற வண்டி காலியாகத்தான் கிளம்பியது. கிசொக்கைப் பெட்டியின் கோடியில், முதியோர் இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அதில் உட்காரக் குவாக்குக்கும் வயதிருந்தது, அவர் உட்காரவில்லை. மற்றவர்களோடு நடுக் கதவருகே நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் அங்கே பேச்சு தொடங்கியது. பேக் ஏதோ சொல்ல, குவாக், "போடா டேய்!" என்றார். ஒக்சுன் சிரிக்கும் சத்தம் கேட்டது. கிசொக் எட்டிப் பார்த்தார். அவர் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவர்களாவது சிரிக்கட்டும் என்று.

எப்போதும் அவர் தன் நிலையத்தில் இறங்க மாட்டார். ஜேகிதொங் வரை கூடவே போய், சந்தைக்குள் ஒரு கடையில் எல்லோரும் பச்சைப்பயறு அடையும் கள்ளுமாக உட்கார்ந்து, மறுபடி ஒரு வண்டி பிடித்துத்தான் வீட்டுக்கு வருவார். சொக்யே நெருங்கியதும் பேக் வந்து எதிரில் நின்றார்.

"ஐயா, உங்க ஸ்டேஷன் வருது."

"தெரியும்பா. நான் ஜேகிதொங் வரைக்கும்..."

"நாங்க இன்னிக்கு ரொம்ப நேரம் உக்கார மாட்டோங்கய்யா. நீங்களும் களைச்சிருப்பீங்க." பேக் நல்லவர், அவருக்கே கண் கலங்கியிருந்தது. கிசொக்கின் பையை எடுத்து, குழந்தைக்கு மாட்டுகிற மாதிரி ஒவ்வொரு கையாக மாட்டிவிட்டு, பட்டையைச் சரி செய்தார். குவாக்கும் வந்தார். "புதன்கிழம புதன்கிழம ஒரு குழு போகுதுங்க. எல்லாம் உங்க வயசுக்காரங்க. சம தரையாவே நடப்பாங்க. பேக் நம்பர் அனுப்புவாரு."

கெஞ்சலாமா என்று ஒரு கணம் நினைத்தார். யாரிடம், எந்த உறவில் நின்று கெஞ்சுவது? அண்ணே என்று இனி சொல்ல முடியாது. தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. இறங்கினார்.

கதவு மூடியது. திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழு முழுவதும் வரிசையாக அவரைப் பார்த்து நின்றது. எட்டு வருஷத்தில் அவர் கிளம்பும்போது ஒருவர்கூடப் பேச்சை நிறுத்தியதில்லை, தலையைத் திருப்பியதில்லை. இப்போது எல்லோரும் சேர்ந்தாற்போல இடுப்பிலிருந்து மடங்கி வணங்கினார்கள், குவாக் எல்லோரையும்விடத் தாழ. ஒக்சுனும் குனிந்திருந்தாள், அவள் உச்சி வகிடுதான் தெரிந்தது. வண்டி நகரத் தொடங்கிய பிறகும் அவர்கள் நிமிரவில்லை. கிசொக் பெரியவர்கள் செய்கிற மாதிரி, தலையை மட்டும் லேசாக அசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.